வெடிக்காத ஸ்டவ்

கைக்குள் இருந்த கடைசிப் புளியங்கொட்டை வியர்வையில் வழுக்கியது. மற்றதையெல்லாம் ஜெகதா எப்படியோ போட்டுவிட்டாள். எதில் போட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்னால் போன பெண் எந்தப் பாட்டிலில் போட்டாளோ அதிலேயே போட்டுக்கொண்டு வந்தாள், கோயிலில் முன்னால் போகிறவர் எங்கே நின்று கும்பிடுகிறாரோ அங்கேயே நாமும் கும்பிடுவதுபோல. இந்த ஒன்றுதான் போகமாட்டேன் என்கிறது. எதிரே சுவரில் ஒரு அட்டை, அட்டைக்குக் கீழே பலகை, பலகையில் வாயகன்ற நாலு கண்ணாடி பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. விபத்து. தானே. பிறர் கை. சொல்லத் தெரியவில்லை. எல்லா அட்டைக்கும் இதே நாலு பாட்டில்தான். வாசலில் வைத்து சிந்துஜா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு அட்டையும் ஸ்டவ் வெடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண், படித்துப் பாருங்கள், உங்கள் மனசுக்கு என்ன படுகிறதோ அந்தப் பாட்டிலில் ஒரு கொட்டை போடுங்கள், இது இன்னும் திறக்காத கண்காட்சி, நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எதை எங்கே வைப்பது, என்ன எழுதுவது என்று முடிவு செய்யப் போகிறோம் என்று. ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் அந்தப் பழைய அரிசிக் கிடங்கு முழுக்கக் கேட்டது. நம் பாப்பாவா இப்படிப் பேசுகிறது என்று ஜெகதாவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷமே கேஸை மூடிவிட்டு வந்தோமா என்ற கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. மூடினோம். சிலிண்டரிலும் மூடினோம். பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அவருக்குச் சாப்பாடு மேஜையில் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறது, ரசம் ஃபிளாஸ்க்கில். அவர் சமையல்கட்டுக்குள் போகமாட்டார். எத்தனையோ வருஷமாகப் போனதில்லை. மூடினோமா?

அட்டையில் பெயர் இல்லை. எந்த அட்டையிலும் பெயர் இல்லை, அதுதான் ஏற்பாடு. இதே உறையூரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், யார் மனசும் புண்படக் கூடாது என்று இந்தக் காட்சிசாலையை நடத்துகிற பெரியவர்கள் சொன்னார்களாம், சிந்து ராத்திரி தோசைக்குக் காத்திருந்தபோது சொன்னாள். "அப்புறம் எப்படிடி தெரியும் யாருன்னு?" என்றதற்கு, "தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும்மா" என்றாள். தெரிந்துவிட்டது. வயது இருபத்திமூன்று, கைக்குழந்தை ஒன்று, விடிகாலையில் காபி போடும்போது ஸ்டவ் வெடித்தது என்று வீட்டார் சொன்னார்கள், மயில்கழுத்து நிறப் புடவை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. ஜெகதா எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, ஒன்பதாவது அரைப்பரீட்சை வரைக்கும் போனவள்தான், அப்பா செத்ததும் மாமன் நிறுத்திவிட்டார். இருந்தாலும் இந்த நாலு வரியைப் படிக்க அவளுக்கு ரொம்ப நேரமானது. மயில்கழுத்து என்கிற இடத்திற்கு வந்ததும் கண் மறுபடி முதல் வரிக்குப் போய்விடும். அந்தப் புடவையை அவள் பார்த்ததில்லை. பார்க்காத புடவையைத்தான் இத்தனை வருஷமும் கொடியில் கண்டுகொண்டிருந்தாள். வைத்தியலிங்கத்துக்கு இரண்டாந்தாரமாகக் கழுத்தை நீட்டி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பீரோவின் அடித்தட்டில் அதனுடைய ரவிக்கைத்துணி மட்டும் தைக்காமல் மடித்துக் கிடந்தது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். மாமியார் அதை எடுத்துப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "அமிர்தவல்லிக்கு எடுத்தது, பாவம்" என்றார். அந்தப் பாவம் என்கிற சொல்லை அவர் துணியை உதறி மடிக்கிறபோதே சொன்னார். சொல்லும் துணியோடேயே உதறி மடிந்துபோயிற்று.

ஆக, பாப்பா தன்னைப் பெற்றவளையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். சொல்லவில்லை. தோசை தின்னும்போது சொல்லவில்லை, காலையில் தலை பின்னச்சொல்லி உட்கார்ந்தபோது சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேலும் முக்கியமான நாளென்றால் அம்மா தலை பின்ன வேண்டும் அவளுக்கு. ஜெகதாவுக்குக் கல்யாண மண்டபத்தில் தாலி ஏறின கையோடு மடியில் தூக்கிப் போட்ட குழந்தை. மூக்கு ஒழுகிக்கொண்டு, யாரோ கையில் கொடுத்த முறுக்கைச் சப்பிக்கொண்டு, மாலையிலிருந்த சம்பங்கியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் வைத்தது. பத்தொன்பது வயதில் அவளுக்குப் புருஷன் முகத்தைவிட முதலில் பழகினது அந்த மூக்குதான். பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, தங்காததற்கு அவள் அழவும் இல்லை. அழ நேரமில்லாமல் இது ஒன்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு குட்டிப்பிசாசு, உங்கம்மா உன்னைப் பெத்த அம்மா இல்லையாமே என்று சொல்லிவிட, நேரே சமையல்கட்டுக்கு வந்து நின்றது. "என்னைப் பெத்தவங்க எப்படிம்மா செத்தாங்க?" அப்போது ஜெகதா ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தீ இறங்கிவிடும், நிறுத்தாமலே "ஸ்டவ் வெடிச்சுடா கண்ணு" என்றாள். குழந்தை அந்தப் பித்தளை வயிற்றையும் நீல ஜுவாலையையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்ப நீ இதுல சமைக்காதே." சமைக்காமல் என்ன செய்வது? அடுத்த நாளிலிருந்து சமையல் முடிகிறவரை பக்கத்திலேயே நின்று அவள் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். தீயில் பட்டுவிடாமல். ஒரு கையில் வாய்ப்பாட்டுப் புத்தகம், ஒரு கையில் முந்தானை. மாமியார் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். கேஸ் அடுப்பு வந்த பிறகுகூட அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை, இன்றைக்கும் அடுப்பங்கரைப் பக்கம் வந்தால் "முந்தானையைச் சொருகிக்கம்மா" என்பாள்.

பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்கள்போல, பையில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. "ஏன்க்கா, ஸ்டவ்வு எல்லார் வீட்லயுந்தான் இருந்துச்சு. மாமியா மேல வெடிச்சதுன்னு ஒண்ணாச்சும் மாட்டியிருக்கா பாத்தியா?" "அதுக்கு ஆளு தெரியும்டி. உங்க மாமியா தொட்டா ஸ்டவ்வே பயந்து அணைஞ்சிருக்கும்." இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அடுத்த அட்டையில் குழந்தையோடு என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அடங்கிப்போனார்கள். ஒருத்தி மடமடவென்று மூன்றாவது பாட்டிலில் கொட்டையைப் போட்டாள், ஆணி அடிக்கிறமாதிரி. சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு வைத்திருந்த பெரியவர் ஒருவர் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார், "செத்தவங்க செத்தாச்சு. கோர்ட்டே மூடின கேஸைக் கொட்டை போட்டுத் திறப்பாங்களா? அந்தந்தக் குடும்பத்துல இன்னைக்குப் பேரன் பேத்தி பள்ளிக்கூடம் போவுது." கீரைக்காரி விடவில்லை. "போகட்டும் பெரியவரே. அந்தப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்." பெரியவர் சொல்வதும் சரிதானே என்று ஜெகதாவுக்குப் பட்டது. கீரைக்காரி சொன்னதும் சரிதான் என்று பட்டது. இந்தப் பாழாய்ப்போன மனசுக்கு யார் கடைசியாகப் பேசினாலும் அது சரிதான். கொட்டை போட்டு எப்படிடி ஒரு சாவைத் தீர்மானிப்பீங்க என்று அவளும் சிந்துவைக் கேட்டிருந்தாள். "தீர்மானிக்கிறதுக்கு இல்லம்மா. ஊருக்கு உள்ளுக்குள்ள என்ன தெரியும்னு ஊருக்கே தெரியட்டும்னுதான்." ஊருக்கு என்ன தெரியும்? ஊர் அந்தச் சமையல்கட்டில் நின்றதா? நின்றவள் நான். அவளுக்கப்புறம் அதே கல்லில், அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இதை நினைக்கக் கூடாது என்று அவள் பக்கவாட்டில் பார்த்தாள். பார்த்தது அதைவிட மோசமாகிவிட்டது. கூடத்தின் நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் பளபளவென்று பம்ப் ஸ்டவ். மூன்று கால், உருண்டை வயிறு, இடப்பக்கம் ஒரு நசுங்கல். அந்த நசுங்கல் அவள் கைபட்டு வந்தது. குழந்தை காய்ச்சலில் கத்தினபோது அவசரத்தில் தூக்கி அம்மிக்கல்லில் இடித்துவிட்டாள். போன மாசம் சிந்து பரணில் ஏறி அவளே தேடி எடுத்தாள். "இதுதான் நீ சமைச்ச ஸ்டவ்வாம்மா! எல்லாரும் வெடிச்சதுன்னு சொன்னதையே கொண்டாந்து குடுக்கிறாங்க. வெடிக்காத ஒண்ணு வேணும் எனக்கு, காத்து எப்படி அடிக்கிறது, எப்படிப் பத்த வைக்கிறதுன்னு காட்டுறதுக்கு. உன்னோடது ஒண்ணு அங்க இருக்கட்டுமே." ஒட்டடை தலையெல்லாம் அப்பிக்கிடக்க ஏணியில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்பாளே. ஜெகதா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "மெதுவா இறங்கு" என்றாள். இப்போது அதற்கும் ஒரு அட்டை வைத்திருந்தது, அச்சடிக்காமல் சிந்துவின் கையெழுத்திலேயே. பல வருடம் என் அம்மா இதில்தான் சமைத்தார்கள். ஒருநாளும் வெடிக்கவில்லை.

ஒருநாளும் வெடிக்கவில்லை. ஆமாம். என்றைக்குமே வெடிக்கவில்லை. வந்த புதிதில் அவள் கேட்டிருந்தாள், பயந்துகொண்டே, வெடித்த ஸ்டவ் எங்கே அத்தை என்று. போலீஸ்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார் மாமியார், இது வேறு. சரி, வேறு. ஒரு குமாஸ்தா வீட்டில் இரண்டு பித்தளை ஸ்டவ் எதற்கு என்று கேட்கிற வயதில்லை அது. ஒரு மத்தியானம் புளி போட்டுத் தேய்க்கக் கவிழ்த்தபோது அடிவயிற்றில் கரி உரிந்து புள்ளி புள்ளியாய் எழுத்து தெரிந்தது, சீர்ப் பாத்திரத்தில் கடைக்காரன் உளி வைத்துக் கொத்துவானே, அந்த மாதிரி. அமிர்தவல்லி. அப்போதும் அவள் மனசு அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தது. அமிர்தவல்லி வீட்டில் இது ஒன்று சீர் கொடுத்திருப்பார்கள், வெடித்தது மாமியாருடைய பழையதாக இருக்கும். அந்த வழியில் அவள் ரொம்ப நாள் நிம்மதியாக நடந்தாள். திவசத்துக்கு லால்குடியிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். எதையோ கேட்கவேண்டும் என்று வந்து எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்போல, "அன்னைக்கு என்னதாங்க நடந்துச்சு சம்பந்தியம்மா" என்றார். மாமியார் குரலை உயர்த்தவே இல்லை. "எங்களை ஏன் கேக்குறீங்க? நீங்க சீரா குடுத்தீங்களே ஸ்டவ்வு, அதுதானே வெடிச்சது. நல்லதாப் பாத்துக் குடுத்திருந்தா எம்மருமக இன்னைக்கு இருப்பா." பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தான் வாங்கிய பண்டம் தன் மகளைக் கொன்றுவிட்டது என்று அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏற்றுக்கொண்டார். உள்ளே அந்தப் பண்டத்தின்மேல்தான் அவருக்குப் பால் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்துப் பொங்கி வழிந்தது, ஜெகதா கை வைக்கவில்லை, வழிகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மிச்சமிருந்த பாலில் காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்கும்மா. எம்பேத்தியைப் பாத்துக்க" என்றார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. 

ஏன் தூக்கி எறியவில்லை அந்தக் கிழவி? இதை அவள் எத்தனை முறை நினைத்திருப்பாள். கிணற்றில் போட்டிருக்கலாம், பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டிருக்கலாம், அந்த ரவிக்கைத்துணியைப் போட்டதுபோல. பித்தளை. பித்தளையைப் போட மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணமா? அல்லது புழங்கிக்கொண்டே இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்திருந்ததா? மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசியில் வாய் கோணி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு. இவள்தான் ஊட்டினாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புருஷனிடமாவது கேட்டிருக்கலாம். முதல் ராத்திரியில் அவள் வைத்தியலிங்கத்தின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கையைப் பார்த்தாள். போர்வையைப் போட்டு அவன்தான் தீயை அணைத்தான் என்று பெண்பார்க்க வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வெந்த கை எப்படி இருக்கும், தொட்டால் எப்படி இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள். ஒரு தழும்பு இல்லை. குமாஸ்தா கை, மெத்தென்று, நகம் ஒட்ட வெட்டினது. அந்தக் கை அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அதையும் சொல்லவேண்டும். ஜுரத்தில் படுத்தால் கஞ்சி வைக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கிவந்த கை. ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டால் மனுஷர் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார், அது இரைந்து முடிகிறவரை உள்ளே வரமாட்டார். காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று குடிப்பதை விட்டுவிட்டார். பயமா, துக்கமா, வேறு ஏதாவதா? அமிர்தவல்லி தானே ஊற்றிக்கொண்டாளா? இவர்கள் நின்று பார்த்தார்களா? கிழவியா? இவரா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜெகதாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அது வெடிக்கவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் சமைத்தாள், பரிமாறினாள், தீபாவளிக்கு அதில் அதிரசம் சுட்டாள். தினமும் தேய்த்தாள். புளி, சாம்பல், செங்கல் தூள். மற்ற பாத்திரத்துக்கு ஒரு தேய்ப்பென்றால் அதன் அடிக்கு இரண்டு தேய்ப்பு. பெயர் மங்கிக்கொண்டே வந்தது. அழிக்கத்தான் தேய்த்தாளா, சுத்தம் என்று தேய்த்தாளா? அதுவும் தெரியாது. நாலு பாட்டிலில் அதற்கொரு பாட்டில் இருக்கிறது, கடைசியில்.

கொட்டையை அந்தக் கடைசிப் பாட்டிலின் வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அப்போதுதான் சிந்துஜா அந்தப் பக்கமாக வந்தாள், கையில் காகிதக் கட்டு, காதில் போன். அம்மா தூண் மறைவில் நிற்பதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே நடந்தவள் இந்த அட்டைக்கு எதிரே வந்ததும் நடை தயங்கியது. கையை ஜிப்பாப் பைக்குள் விட்டு எதையோ எடுத்தாள், சுவரைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டி முதல் பாட்டிலுக்குள் போட்டாள். விபத்து. டக்கென்று ஒரு சத்தம். போய்விட்டாள். போகிறபோதும் போனில் "ஆமா சார், யார் போட்டதையும் தொடமாட்டோம் சார்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜெகதா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். மற்ற அட்டைகளுக்குக் கீழே விபத்துப் பாட்டிலில் அடி மறையவில்லை. இதில் மட்டும் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. போகும்போதும் வரும்போதும் போட்டிருக்கிறாள். என் கண்ணே. ஊரையெல்லாம் கூட்டி உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறவள், தன் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒளித்து ஒளித்து. அப்பாவுக்காக. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டிவிடுகிறாளே, அந்தக் கைக்காக. தனக்குக் கதை சொல்லிச் சோறூட்டின அப்பத்தாவுக்காக. இருக்கட்டும். அவள் ஆசைப்படுகிற மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டும். பெற்றவளுக்கு ஒரு விபத்து, அப்பாவுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு முந்தானை. யாருக்கு என்ன நஷ்டம்? ஜெகதா கையிலிருந்ததையும் முதல் பாட்டிலிலேயே போடப்போனாள். போட்டுவிட்டால் தீர்ந்தது, வீட்டுக்குப் போய் கேஸைப் பார்க்கலாம்.

"இதைப் படிடி." கீரைக்காரிகள் நடுமேஜைக்கு வந்திருந்தார்கள். பெரியவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். அவர்தான் வாய்விட்டுப் படித்தார், ஒருநாளும் வெடிக்கவில்லை என்பதை இரண்டு தடவை. "பாத்தீங்களா? இதுதான் நான் சொல்றது. அதே ஸ்டவ்வு, அதே மண்ணெண்ணெய். ஒழுங்கா வச்சுப் புழங்குறவ கையில வெடிக்கல. எப்படித் துடைச்சு வச்சிருக்கா பாருங்க அந்தம்மா. பொம்பளை நிதானமா இருந்தா ஏன் வெடிக்குது? தூக்கக் கலக்கத்துல முந்தானையைத் தொங்கவிட்டுட்டு காபி போடப்போனா?" அவர் கை ஜெகதா நின்ற பக்கமாக, அந்த அட்டையைக் காட்டியது. கீரைக்காரியில் இளையவள்கூட, "அதுவும் இருக்குங்க. எங்க சித்தி ஒருத்தி அப்படித்தான், கவனமே கிடையாது" என்றாள். மூத்தவள் ஸ்டவ்வின் வயிற்றைத் தடவி, "மகராசி, நல்ல கை" என்றாள். நல்ல கை. ஜெகதாவுக்கு லால்குடிப் பெரியவர் நாற்காலி நுனியில் தலையைக் குனிந்தது தெரிந்தது. அன்றைக்கு அவர் வாங்கிக் கொடுத்த பண்டத்தின் மேல் பழி. இன்றைக்கு அதே பண்டத்தை நடுவில் வைத்து அவர் மகள் மேல் பழி. அவளுடைய ஸ்டவ்வே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது, என் பெயரைச் சொல்லி, என் நல்ல கையைச் சொல்லி. தேய்த்த கை. சும்மா இருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்து இதைத் தடவிவிட்டு அங்கே கையைக் காட்டுவார்கள்? கண்காட்சி திறந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வருமாமே. இந்தம்மா நிதானம், அந்தம்மா கவனமில்லை. இருபத்திமூன்று வயது. நான் பத்தொன்பது வயதில் வந்து அவள் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டேன், அவள் புருஷனை, அவள் குழந்தையை. இப்போது அவள் சாவிலிருந்து எனக்கு ஒரு நல்ல பெயரும் எடுத்துக்கொள்ளவா?

நடந்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. புளியங்கொட்டை எங்கேயோ விழுந்தது. மேஜையருகே போய், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாள். இரண்டு கையாலும் ஸ்டவ்வைத் தூக்கினாள், பழைய கனம் பழையபடி தோளில் வந்து ஏறியது. உள்ளே எப்போதோ மிஞ்சின மண்ணெண்ணெய் லேசாகத் தளும்பி வாசனை வந்தது. "ஏங்க, அதைத் தொடக்கூடாதுங்க" என்றார் பெரியவர். "எங்க வீட்டுதுங்க" என்றாள். அட்டைக்குக் கீழே பலகையில் பாட்டில்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அவள் அதை வைக்கும்போது சிந்து ஓடிவந்தாள். ஓடிவந்தவள் முதலில் பிடித்தது ஸ்டவ்வை அல்ல, தொங்கிக்கொண்டிருந்த முந்தானையை. பழக்கம். நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே, "என்னம்மா பண்றே? அது நடுவுல இருக்கணும்மா. வெடிக்காததுன்னு எழுதியிருக்கேன்ல" என்றாள். "எழுதினது சரிதான் பாப்பா. வச்ச இடந்தான் சரியில்லை. இது இங்க இருக்கணும்." "இது உன்னோட ஸ்டவ்ம்மா." "எனக்கு முன்னாடி ஒருத்தி வச்சிருந்தா." சிந்து சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கீரைக்காரிகள் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஜெகதா ஸ்டவ்வைச் சாய்த்தாள். கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது, அவள் தேய்த்த பளபளப்புதான் தெரியும். மகளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, முதன்முதலில் அரிசியில் அ எழுத வைத்தபோது பிடித்ததுபோலவே பிடித்து, அடியில் வைத்து மெல்ல நகர்த்தினாள். அங்கங்கே புள்ளி. கடைசியில் நாலைந்து எழுத்துக்கு இன்னும் பள்ளம் இருந்தது. விரல் போயிற்று, நின்றது, திரும்பி வந்து மறுபடி போயிற்று. "அவங்க அப்பா குடுத்த சீர். இதுதான் வெடிச்சுதுன்னு உங்க அப்பத்தா அவர்கிட்ட சொன்னாங்க. நான் உள்ள நின்னேன், இதுலதான் பால் காஞ்சுது."  "வேற எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. இது வெடிக்கல. அது மட்டும் தெரியும்."

சிந்துஜா எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்பாள் என்று ஜெகதா காத்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று ஆரம்பிப்பாள், அதற்கு என்ன சொல்வது. ஒன்றும் கேட்கவில்லை. விரலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள், மண்ணெண்ணெய் வாசனையைப் பார்த்தாளோ என்னவோ. பிறகு அந்தக் கை முதல் பாட்டிலுக்குள் போயிற்று, மணிக்கட்டு வரைக்கும். தான் போட்டதைத் தேடினாள். ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், அது தன்னுடையதா என்று தெரியாமல் மறுபடி உள்ளே விட்டாள். இன்னொன்றை எடுத்தாள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு.  கொட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தானையின் நுனி இன்னும் மகளுடைய மறு கையில் சுருண்டிருந்தது, ஜெகதாவுக்குத் தோளில் அந்த இழுப்பு தெரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்தால் பாப்பா பிடியை விட்டுவிடுவாளோ என்று, அவள் எதிரே சுவரில் இருந்த மயில்கழுத்து என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.